பத்து நாள் நிற்கும் கோப்பு

ஜூன் 10, 2025, செவ்வாய்

கல்லூரி இணையத்தில் இந்த மாதத்துக்கு மிச்சமிருந்த டேட்டா நேற்று ஒரே நாளில் தீர்ந்துவிட்டதால், எந்த இயந்திரம் இழுத்தது என்று எழுதித் தரும்படி மேலிருந்து கேட்டார்கள். லேபின் இணையப் போக்குவரத்து ஸ்குவிட் என்ற மென்பொருள் வழியாகத்தான் போகிறது; அது எழுதிவைக்கும் பதிவுக் கோப்பான லாகைத் திறந்தேன். 1749489000.412 என்று தொடங்கும் ஒரு வரியில் மட்டும் ஆறு ஜிபிக்கு மேல் போயிருக்கிறது. முகவரி 37ஆம் இயந்திரத்தினுடையது. 443ஆம் போர்ட்டுக்கான கனெக்ட் இணைப்பு, அதாவது உள்ளடக்கம் மறையாக்கப்பட்டுப் போகும் இணைப்பு, என்பதால் தளத்தின் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வரியின் தொடக்க எண்தான் நேரம்; 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணப்பட்ட விநாடிகளைக் கண்ணால் படிக்க முடியாது என்பதால், வழக்கமான ஒற்றை வரிப் பெர்ல் நிரலில் அதை ஓட்டினேன். ஜூன் 9, 17:10 என்று வந்தது. மாலை ஐந்து பத்துக்கு 37இல் உட்கார்ந்திருந்தவர் யார் என்று லேப் பதிவேட்டில் பார்த்து, அந்தப் பெயரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். பெயரை அவர்கள் கேட்கவில்லை.

ஜூன் 11

நான் பெயர் கொடுத்த பையனின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். திங்கட்கிழமை தகப்பனாரை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 12

இன்று மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். கோரையாற்றின் கடைசியில் இருக்கும் எங்கள் மதகுக்கு அது என்றைக்கு வரும் என்று அப்பா காலையிலேயே போன் செய்து கேட்டார். மன்னார்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

மதியம் அந்தப் பையன் சர்வர் அறை வாசலில் வந்து நின்றான். "மெயில் மட்டும்தான் சார் பார்த்தேன்" என்றான். லாக் பொய் சொல்லாது என்று அவனிடம் சொன்னேன்.

எங்கள் ஸ்குவிட்டில் பழைய கோப்புகளின் எண்ணிக்கை 10 என்று வைத்திருக்கிறோம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் க்ரான், நாளுக்கொரு முறை ரொட்டேட் கட்டளையை ஓட்டும்போது அன்றைய கோப்பு 0 ஆகும், 0 இருந்தது 1 ஆகும், 9 இருந்தது போயே போய்விடும். 9ஆம் தேதிக் கோப்பு இப்போது 2. பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டேன், ஆனாலும் மணிக்கொரு தடவை அந்த எண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். முன்பொரு முறை டிஸ்க் நிரம்பியபோது, ஓடிக்கொண்டிருந்த லாகையே அவசரத்தில் அழித்திருக்கிறேன். ஸ்குவிட் அந்தக் கோப்பை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் லாகும் போயிற்று, இடமும் காலியாகவில்லை.

ஜூன் 13

3.

ஜூன் 14, சனி

தூக்கம் வராமல் வீட்டிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து உட்கார்ந்திருந்தேன். ஐந்து இருபத்தைந்துக்குப் பார்த்தபோது கோப்பு எண் 3. காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து ஐந்து முப்பத்தொன்றுக்குப் பார்த்தால் 4. நள்ளிரவில் ஓட வேண்டிய க்ரான் விடியற்காலையில் ஓடியிருக்கிறது. மணி என்ன என்று சர்வரையே கேட்டேன். 00:01, யூடிசி என்றது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பிந்திய உலகப் பொது நேரம்.

சர்வரை நிறுவியபோது நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டிருக்கிறேன். பெர்ல் மொழியின் லோக்கல்டைம் கட்டளை, இயந்திரத்தின் மண்டலத்தைத்தான் உள்ளூர் என்று எடுத்துக்கொள்ளும். கோப்புப் பட்டியலின் நேரமும் பெர்ல் காட்டிய நேரமும் ஒரே அளவுக்குத் தவறாக இருந்ததால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், எனக்குச் சந்தேகமே எழவில்லை. 17:10உடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இரவு 10:40. அந்நேரத்தில் லேப் பூட்டியிருக்கும், பூட்டுகிறவனே நான்தான். லாக் பொய் சொல்லவில்லை.

மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றி ஸ்குவிட்டை மறுபடி தொடங்கினேன். விநாடி எண்ணை அப்படியே விட்டுவிட்டு, நம் நேரத்தை +0530 என்ற குறியோடு எழுதும் இரண்டாவது லாக் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். முதல் லாகின் வடிவத்தை மாற்றினால் அறிக்கை தயாரிக்கும் மென்பொருள்கள் அதைப் படிக்காமல் போகக்கூடும். படிப்பவருக்கு வேண்டியதைத் தனியாகத் தருவதே நல்லது.

இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கும் திறந்தாகிவிட்டது. திறந்த தேதியைச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. வந்து சேர்ந்த தேதிதான் அவருக்குத் தேதி.

போனை வைத்த பிறகுதான் லாக் வரியின் இரண்டாவது பத்தி, நேரத்துக்கு அடுத்து வரும் எண், நினைவுக்கு வந்தது. வருடக்கணக்காகக் கண் தாண்டிப் போய்விடும் பத்தி அது. ஸ்குவிட் ஒரு வரியை இணைப்பு தொடங்கும்போது எழுதுவதில்லை, முடிந்த பிறகே எழுதுகிறது; எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அடுத்த பத்தியில் மில்லி விநாடிகளில் போடும். அந்த வரியில் இருப்பது 21180000. காகிதத்தில் வகுத்தேன், 353 நிமிடம். 10:40இலிருந்து ஐந்து மணி ஐம்பத்து மூன்று நிமிடத்தைக் கழித்தால் மாலை 4:47. ஐந்தரையைக் கூட்டி அவனை வெளியே கொண்டுவந்தேன், ஆறுக்குக் கொஞ்சம் குறைவாகக் கழித்து மறுபடியும் அதே நாற்காலியின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

பதிவேட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். 37இல் அவனுக்கு முன் இருந்தவர் வெளியேறியது 4:45, அவன் நுழைந்தது 4:50. இரண்டும் லேப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியவை. சர்வர் இணையத்தோடு நேரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறது, சுவருக்கு அப்படி எதுவும் இல்லை. அது முந்துகிறதா பிந்துகிறதா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இன்று கல்லூரி பூட்டியிருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

எட்டு மணிக்கே போய்க் காத்திருந்து லேபைத் திறந்தேன். சர்வரில் 9:02, சுவரில் 8:58.

4:45 என்று எழுதியவர் உண்மையில் எழுந்தது 4:49. அவருடைய கையெழுத்து சுழித்துக் கிடக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. பையனின் தகப்பனார் வேட்டி நுனியைப் பிடித்தபடி வராந்தாவில் வந்து நிற்கிறார்.