18 நிறைந்தவளுக்கு ஒரு வீடு

எங்கள் பிள்ளைகள் இல்லம் வேலூருக்குப் பக்கத்தில், அணைக்கட்டு போகும் வழியில் இருக்கிறது. இருப்பவர்களில் மூத்தவள் இரண்டு வயதில் வந்தாள். மூளை முடக்குவாதம், கூடவே அறிவுசார் குறைபாடு. தெளிவாகச் சொல்வது 'அக்கா' ஒன்றுதான். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள், சமையல்கார அம்மாவையும் அப்படித்தான்.

அவளுக்கு 18 நிறையப் போகிறது என்று பதிவேட்டில் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சட்டப்படி 18 வரைதான் குழந்தை. அப்புறம் 21 வரை பின்காப்பு, அதாவது இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்கான உதவி, உண்டு. ஆனால் அது, ஒரு தொழில் கற்று சொந்தக் காலில் நிற்கப்போகிற பிள்ளைகளுக்கானது. சோறு ஊட்டிவிட ஆள் வேண்டியவள் எங்கே போவாள்? கடைசிவரை இருக்க ஒரு வீடு கட்டுவோம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தோம்.

கட்டடம்தான் பெரிய வேலை என்று நினைத்தோம். அதைவிடப் பெரியது பாதுகாவலர் நியமனம். 18 ஆனதும் சட்டத்தின் கண்ணில் அவள் பெரியவள். அவளுக்காகக் கையெழுத்துப் போட எங்களுக்கு உரிமை கிடையாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் பாதுகாவலரை நியமிக்கிறது. பெற்றோரோ உறவினரோ மனு கொடுப்பது வழக்கம். யாரும் இல்லாதவளுக்கு, பதிவு பெற்ற அமைப்பு கொடுக்கலாம். கலெக்டர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்கு எத்தனை நடை நடந்தோம் என்று கணக்கு வைக்கவில்லை. தகப்பனார் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறதென்று ஓர் அலுவலகத்தில் மனுவைத் திருப்பிவிட்டார்கள். அவளை எங்கள் இல்லத்தில் சேர்த்த குழந்தைகள் நலக் குழுவின் பழைய ஆணை நகலை இணைத்த பிறகே வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆணையைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் உயிர்.

ஆதார் கைரேகைக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. அவள் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கும். வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தோம். கட்டைவிரலைக் கருவியில் வைத்ததும் மறுபடி மூடிக்கொள்வாள். கடைசியில் கருவிழிப் பதிவுதான் கைகொடுத்தது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அவள் கணக்குக்கு வர இத்தனையும் வேண்டியிருந்தது. அந்தப் பணத்துக்குப் பாதுகாவலர் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கேட்க ஆளில்லாதவளின் பணம், அதனால் இது சரியான விதி என்றே சொல்வேன்.

கட்டடத்துக்குத் தாசில்தாரிடம் படிவம் 'டி' எனும் பொதுக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறை சான்று, சுகாதாரச் சான்று, அப்புறம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன்கீழ் பதிவு. அலைச்சல்தான், ஆனால் முடிந்துவிடும். வாசல் சாய்தளத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆறடி போதும் என்று சாதித்த மேஸ்திரியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, ஆறடிச் சரிவில் பலகை போட்டு ஏறச் சொன்னோம். பாதியில் நின்றவர், இறங்கி வந்து நூல் கட்டி மறுபடி அளந்தார்.

புது வீட்டுக்கு அவளுடைய பழைய கட்டிலையே கொண்டுபோனோம். முதல் இரண்டு இரவும் தூங்கவில்லை. சமையல்கார அம்மா பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். மூன்றாம் நாள் தூங்கினாள்.

அடுத்தவளுக்கு வரும் அக்டோபரில் 18. அவளுடைய ஆவணங்களின் நகல்களை இப்போதே எடுத்துக் கோப்பில் போட்டுவிட்டேன்.