டி1 டிராமில் துருக்கி எழுத்து

இஸ்தான்புல்லில் துருக்கி எழுத்துகளைப் பழக, கபதாஷ் படகுத்துறையிலிருந்து பாஜுலர் வரை ஓடும் டி1 டிராமே போதும். நிறுத்தத்தின் பெயர்ப்பலகையைக் கண்ணால் படிக்க வேண்டும், ஒலிபெருக்கி சொல்லும் பெயரைக் காதால் பிடிக்க வேண்டும். மொத்தம் 29 எழுத்துகள், அதில் உயிர் 8. க்யூ, டபிள்யூ, எக்ஸ் கிடையாது. அதனால்தான் டாக்சியின் கூரையில்கூட எக்ஸ் இருக்காது, கே-யும் எஸ்-உம் சேர்த்து எழுதியிருப்பார்கள்.

முதல் நிறுத்தமான கபதாஷின் கடைசி எழுத்து வாலுள்ள எஸ், ஒலி 'ஷ்'. அது எளிது. நம்மவர் சறுக்குவது நடுவில் வரும் 'த'வில். உயிருக்கு நடுவே வரும் த-வைத் தமிழ் நாக்கு தானாகவே மெலிதாக்கிவிடும். இங்கே அது 'தலை'யின் த-வாகவே அழுத்தமாக வர வேண்டும். தீவுக்கும் மூதாதைக்கும் துருக்கியில் தனித்தனிச் சொல் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் 'அதா'தான். 'பந்து'வில் கேட்கும் த போட்டால் தீவு, 'தலை'யின் த போட்டால் மூதாதை.

அடுத்தது ஃபுந்துக்லு. இதில் புள்ளியில்லாத ஐ மூன்று முறை வருகிறது. ஆங்கிலம் படித்த கண் அதை 'ஃபிந்திக்லி' என்று வாசிக்கும், தவறு. 'பாட்டு', 'காசு' என்னும்போது இறுதியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம்தான் அந்த ஒலி. நமக்கு அது சொல்லின் கடைசியில் பழக்கம், முதல் அசையில் பழக்கமில்லை. அங்கேதான் கொஞ்சம் பயிற்சி வேண்டும். புள்ளியுள்ள ஐ வேறு எழுத்து. பெரிய எழுத்திலும் அதன் தலையில் புள்ளி நிற்கும், அச்சுப்பிழை என்று நினைத்துவிடக் கூடாது. விடுதிக் கணினியில் கடவுச்சொல் ஏற்காமல் போவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். துருக்கி விசைப்பலகையில் நம் விரல் தேடும் இடத்தில் புள்ளியில்லாதது இருக்கும். புள்ளியுள்ளது எல்-லுக்கு வலப்பக்கம் இரண்டாவது விசை.

தொப்ஹானேயில் பி-யும் எச்-சும் அடுத்தடுத்து நிற்கும். அதை 'ஃப' ஆக்கக் கூடாது, இரண்டையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

எமினொனுவைத் தமிழில் சரியாக எழுத வழியே இல்லை. கடைசி இரண்டு உயிர்களுக்கும் தலையில் இரட்டைப் புள்ளி. 'எ' சொல்லியபடியே உதட்டை மட்டும் குவித்தால் முதலாவது வரும், 'இ' சொல்லியபடி குவித்தால் இரண்டாவது. நாக்கு நகரக் கூடாது, வித்தை அவ்வளவுதான்.

சிர்கெஜியின் கடைசி அசையில் வருவது வாலில்லாத ஆங்கில சி. அதன் ஒலி எப்போதும் 'ஜ', ஒருபோதும் 'க' அல்ல. மசூதிக்கான சொல்லும் இதே எழுத்தில் தொடங்குவதால் அது 'ஜாமி'. வாலுள்ள சி 'பச்சை'யின் ச். சில நிறுத்தங்கள் தள்ளிச் செம்பெர்லிதாஷில் அதைக் கேட்கலாம்.

நடுவே குல்ஹானே. அங்குள்ள பூங்காவில்தான் 1928 ஆகஸ்ட் 9 இரவு அதிபர் முஸ்தஃபா கெமால் (அதாதுர்க்) லத்தீன் அடிப்படையிலான இந்தப் புது எழுத்தை அறிவித்தார். நவம்பர் 1 அன்று சட்டம் வந்தது. அதுவரை இருந்த அரபு எழுத்தில் 'வாவ்' ஒன்றே ஒ, உ, குவிந்த எ, குவிந்த இ, வ ஐந்துக்கும் நின்றது. எமினொனுவை இப்போதுதான் உச்சரித்துப் பார்த்தவருக்கு அதன் சங்கடம் புரியும். பெயாசுத் நிறுத்தத்தில் இறங்கினால், முன்பு போர் அமைச்சகமாக இருந்த இஸ்தான்புல் பல்கலைக்கழக வாயிலின் உச்சியில் அந்தப் பழைய எழுத்து இன்னும் இருக்கிறது.

கடைசி நிறுத்தம் பாஜுலர். தலையில் பிறைபோல் வளைவுள்ள ஜி, வெறும் சி, புள்ளியில்லாத ஐ மூன்றும் வரிசையாக நிற்கின்றன. அந்த ஜி-க்குத் தனி ஒலி இல்லை. முன்னால் உள்ள 'ப'வை 'பா' என்று நீட்டிவிட்டு அது மறைந்துவிடும். எ, இ பக்கத்தில் வந்தால் மெல்லிய 'ய்' போலக் கேட்கும். 'பக்சிலர்' என்று கேட்டால் யாருக்கும் புரியாது.