புகையில் என்ன கலந்திருந்தது?

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கு “என்ன எடுத்தீங்க?” என்ற கேள்வி தானாக வாயில் வந்துவிடும். டி.எம்.டி., சால்வியா மாதிரி மாயக்காட்சிகளைக் காட்டும் செடிச் சாறுகளைப் புகைத்துவிட்டு வருகிறவர்களிடம் அது மட்டும் போதாது. எதோடு கலந்து இழுத்தார்கள், வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற இரண்டையும் கேட்காமல் நான் விடுவதில்லை.

பெரும்பாலும் நண்பர்கள்தான் கூட்டி வருவார்கள். “சும்மா இலைதான் டாக்டர்”, “சாம்பல்ல வெச்சு இழுத்தான், அவ்வளவுதான்” என்பார்கள். சாம்பலால் போதை ஏறாது என்பது உண்மைதான். ஆனால் அதன் மேல் எவ்வளவு சாறு இருந்தது என்று பார்வையால் யாராலும் கணிக்க முடியாது. சூடான துகள் தொண்டையைப் புண்ணாக்கும் என்பது வேறு.

இலை விஷயம் அப்படியல்ல. வாய்வழியாகப் போகும் டி.எம்.டி.யைக் குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடும். புகையாகப் போனால் சில நொடிகளில் ஏறி, இருபது நிமிடத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். கலவையில் பானிஸ்டீரியாப்சிஸ் காபி என்ற அமேசான் காட்டுக் கொடியின் இலையோ சிரியன் ரூ என்ற செடியின் விதைச் சாறோ இருந்தால், அவற்றிலுள்ள ஹார்மின், ஹார்மலின் என்ற வேதிப்பொருள்கள் அந்த நொதியையே முடக்கும். மனச்சோர்வுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது, செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் அளவுமீறிப் போகும் செரட்டோனின் நச்சுநிலையில் கொண்டுபோய் விடலாம். மூலிகைதானே என்ற தைரியம் இங்கேதான் ஆபத்தாகிறது.

ஓர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். போதை இறங்கியிருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்திருந்தது. உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி விரிந்திருந்தது, தாடை இறுகியிருந்தது. முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தைச் சட்டென்று மேலே தள்ளிப் பிடித்தேன். என் உள்ளங்கையில் அது துடித்துக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. இதைக் குளோனஸ் என்போம். செரட்டோனின் நச்சுநிலையைக் கண்டறிய 2003-ல் வெளியான ஹண்டர் அளவுகோலில் முக்கியமான அறிகுறி இதுதான். நண்பரைத் தனியாக அழைத்து, “திட்டறதுக்குக் கேக்கலப்பா, என்ன மருந்து குடுக்கலாம்னு தெரியணும்” என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாத்திரைப் பெயரைச் சொன்னார். அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது: அமைதிப்படுத்தும் பென்சோடையசபின், உடல் சூட்டைத் தணிப்பது, செரட்டோனினைத் தடுக்கும் சைப்ரோஹெப்டடின்.

வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை கிட்டில் டி.எம்.டி.யும் தெரியாது, சால்வியாவில் உள்ள சால்வினோரினும் தெரியாது. பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் நோயாளியின் நிலை ஏதோ ஒரு பக்கம் போய்விடும். எனவே பேச்சுதான் எங்களுக்குப் பரிசோதனை. கதவைச் சாத்திவிட்டு, உறவினர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்டால் பதில் வரும். முகம் சுளித்தபடி கேட்டால் வராது. இதைப் பயிற்சி மருத்துவர்களிடம் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சால்வியா வேறு ரகம். அதிலுள்ள சால்வினோரின் ஏ செரட்டோனின் பக்கமே போகாது, மூளையில் கப்பா ஓபியாய்டு ஏற்பி என்ற வேறொரு இடத்தில் வேலை செய்யும். மெக்சிகோவின் மசாடெக் மக்கள் சடங்கில் மென்ற பச்சை இலையும் 5 மடங்கு, 10 மடங்கு என்று ஒட்டி விற்கிற சாறும் ஒன்றல்ல. அந்த எண்களுக்குப் பொது அளவுகோலும் கிடையாது. இருக்கும் இடமே மறந்து எழுந்து நடந்து விழுகிறவர்களுக்குத்தான் தையல் போடுகிறோம்.

“ஆராய்ச்சியிலேயே மனுஷங்களுக்கு டி.எம்.டி. குடுத்திருக்காங்களே” என்று சிலர் வாதாடுவார்கள். கொடுத்தார்கள்தான். 1990-களில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் ரிக் ஸ்ட்ராஸ்மன் நடத்திய ஆய்வில், முன்கூட்டியே பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, அளந்த டி.எம்.டி.யை ரத்தக்குழாயில் ஏற்றி, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கூட இருந்தார்கள். அறைக்குள் கைமாறும் கலவையில் இதில் எதுவுமே இல்லை.

“மாத்திரையை ரெண்டு நாளா நிறுத்திட்டான் டாக்டர்” என்று ஆறுதலாகச் சொல்வார்கள். எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையான ஃப்ளுவாக்ஸெட்டின் உடலைவிட்டு முழுவதும் போக வாரக்கணக்காகும். அதன் பிறகு அந்த நொதியை முடக்கும் மருந்தைத் தொடங்க ஐந்து வாரமாவது விடுவதுதான் வழக்கம். அதனால்தான் இப்போதெல்லாம் “இன்னிக்கு என்ன சாப்பிட்டார்” என்பதோடு “போன மாசம் என்ன சாப்பிட்டார்” என்றும் கேட்கிறேன்.