சித்தப்பாவின் தியானத் தோட்டம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று மன்னார்குடிப் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்ட எங்கள் சித்தப்பாவுக்கு, ஆடி மாதம் ஒரு யோசனை வந்தது. கொல்லையில் ஒரு தளம் போட்டு, அதைச் சுற்றித் தியானத் தோட்டம். அதுவும் ஜப்பான் பாணியில், வெள்ளை மணல் பரப்பி, கோடு கோடாக இழுத்து, நடுவில் கற்கள் வைத்து. கியோட்டோவில் ரியோஆன்ஜி கோயிலில் 15 கற்கள் இருக்கின்றன, தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும், நமக்கும் அப்படியே 15 என்றார். சித்தி அரிசி புடைத்துக்கொண்டே, "எப்படியும் ஒண்ணு தெரியாதுங்கிறீங்க, பதினாலே வாங்குங்களேன்" என்றார்.

கல் வாங்குவதே பெரும்பாடு. டெல்டாவில் தோண்டினால் களிமண் வரும், இன்னும் தோண்டினால் தண்ணீர் வரும், பாறை எங்கே வரும்? பெரிய கோயிலுக்கே ராஜராஜன் வெளியிலிருந்துதான் கல் கொண்டுவந்தான். சித்தப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஆள் பிடித்தார், கல்லின் விலையைவிட லாரி வாடகை கூட.

தளம் போட வந்த கொத்தனார் கேட்டது ஒரே கேள்விதான்: "மழத்தண்ணி எந்தப் பக்கம் போவணும் சார்?" பத்தடித் தளத்துக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம் வேண்டும், வீட்டுச் சுவரிலிருந்து கொல்லைப் பக்கமாக இறங்கட்டும் என்றார். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தியானம் பண்ணுகிற இடம் சரிந்திருந்தால் மனசும் சரியுமாம்! ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று தானே குனிந்து பார்த்தார். அதன்மேல் முகம் தெரிகிற பளபள டைல்ஸ் வேறு.

புத்தர் சிலை வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. "நம்ம ஊருக்கு எதுக்கு இதெல்லாம்" என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு புத்த மடமே இருந்தது, அதற்கு ராஜராஜன் ஊரையே தானமாகக் கொடுத்தான் என்று சித்தப்பா அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். மறுநாள் பார்த்தால் புத்தர் நெற்றியில் குங்குமம், காதில் செம்பருத்தி. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது, சித்தி மேல்தான் எனக்குச் சந்தேகம்.

மழை வருவதற்கு முன்பே மணலை ஊர்ப் பூனைகள் கண்டுபிடித்துவிட்டன. எதற்கென்று சொல்ல வேண்டாம். சித்தப்பா காலையில் இழுக்கிற கோடுகளை அவை ராத்திரியில் அக்கறையாக மூடிவைத்தன.

அப்புறம் ஐப்பசி. வருஷ மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டும், அதைக் குடிக்கிற அவசரம் எங்கள் களிமண்ணுக்குக் கிடையாது. ரெண்டு நாள் அடைமழையில் தளம் குளமாகி, தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கடைசியில் அடுப்படிக்குள் வந்தது. மணல் வாய்க்காலுக்குப் போயிற்று. கற்கள் புதைந்ததில், எங்கே நின்று பார்த்தாலும் நாலுதான் தெரிந்தது. டைல்ஸில் பாசி பிடித்து, சித்தப்பா ஒரு சறுக்கு சறுக்கி, புத்தரைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றார்.

ராத்திரி தவளைகள். மழைக்காலத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வருமே, அந்தப் பெரிய ஆண் தவளைகள், தளத்தையே மண்டபமாக்கிக் கச்சேரி வைத்தன. சித்தப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு, செல்போனில் 'மன அமைதிக்கு மழைச் சத்தம்' போட்டுக் கேட்டார்.

மழை விட்டதும் கொத்தனாருக்கே திரும்பப் போன் போயிற்று. அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, கூலியில் காட்டினார். தளத்தை உடைத்து வாட்டம் வைத்து, சொரசொரப்பான கல் பதித்தார். ஓரத்தில் முழங்கால் ஆழம் தோண்டி, ஜல்லியும் செங்கல் துண்டும் நிரப்பி, தண்ணீரைக் கொல்லைக் குட்டைக்கு இழுத்துவிட்டார். மணல் கிடந்த இடத்தில் சித்தி கல்வாழையும் சேம்பும் வெட்டிவேரும் வைத்தார், ஈரத்தில் கால் வைத்தபடியே நிற்கிற ஜாதி எல்லாம். எழுப்பின ஒரு மேட்டில் நந்தியாவட்டை. அல்லித் தொட்டியில் கொசுப்புழு துள்ளியதைப் பார்த்து கப்பி மீன் விட்டோம், புழுவை மீன் தின்றது, மீனை மீன்கொத்தி தின்கிறது. வாரம் பத்து ரூபாய்க்கு மீன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

உண்மையைச் சொன்னால் இப்போது இடம் அழகாகத்தான் இருக்கிறது. மழை பெய்யும்போது தண்ணீர் ஜல்லிக்குள் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காபி குடிக்கலாம். தியானம் மட்டும் இன்னும் கூடவில்லை. மார்கழியில் நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர் ஆரம்பித்தது. தையில் விடிய விடிய அறுவடை மிஷின். சரி, மாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார் சித்தப்பா. அந்தத் தளத்தில்தான் வத்தல் காயவைக்கப் போவதாகச் சித்தி நேற்றுச் சொல்லிவிட்டார்.