நாலு தட்டு தட்டினால் உண்மை வந்துவிடுமா?

"தீவிரவாதியை அடித்தால் என்ன தப்பு?" என்று கேட்பவர்களுக்கு நம் தர்மபுரி பக்கமே பதில் இருக்கிறது. வீரப்பன் தேடுதல் காலத்தில் தடா என்ற அன்றைய தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி பதிவு செய்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்றது. அடிக்க வேறு தூண்டுதல் வேண்டுமா? அதிரடிப்படைகளின் அத்துமீறலுக்காக 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. பணம் மக்களின் வரிப்பணம், அது வேறு கதை.

இன்றைய தீவிரவாத வழக்குகளுக்கான உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டத்தில், போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. ஆனால் "இவர் சொல்லித்தான் பொருளைக் கைப்பற்றினோம்" என்ற பகுதி செல்லும். ஓட்டை அங்கேதான்: அந்தப் பகுதிக்காகவே அடிக்கலாம்.

ஆகவே யாரையாவது பிடித்துப் போனால், முதலில் மருத்துவப் பரிசோதனையைக் கவனியுங்கள். கைதானதும் அது கட்டாயம். அறிக்கையின் நகலும் தர வேண்டும். போலீஸ்காரர் பக்கத்திலேயே நின்றால் ஆள் வாய் திறக்கமாட்டார், டாக்டரும் "காயம் இல்லை" என்று எழுதிவிடுவார். உள்ளங்காலில் விழுந்த அடி மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. செருப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது அடித்ததை வாய்விட்டுச் சொல்லி, ரிமாண்ட் உத்தரவில் பதியக் கேட்க வேண்டும்.

அடுத்தது சிசிடிவி. ஸ்டேஷன் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 உச்ச நீதிமன்ற உத்தரவு. "கேமரா ரிப்பேர்" என்ற பதில் வருமுன், தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கக் கேட்டு எஸ்.பி.க்குப் பதிவுத்தபாலில் மனு போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.