பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது

மூக்கிலிருந்து ரத்தம் வருவதற்கு எங்கள் வீட்டில் சில்லுமூக்கு உடைவது என்று பெயர். என் மகனுக்கு ஏழு வயதில், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் முதல் தடவை உடைந்தது. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், "அம்மா, சாதத்துல சிவப்பா விழுது" என்றான். இடது மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம்.

அத்தை ஓடி வந்து அவன் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தார். நான் சொம்புத் தண்ணீரை உச்சந்தலையில் ஊற்றினேன். வெங்காயத்தை நசுக்கி முகரக் கொடுத்தோம். என் அம்மா எனக்குச் செய்ததும் இதேதான். கொஞ்ச நேரத்தில் நின்றது. "சூட்டு உடம்பு, இளநீர் வாங்கிக் குடு" என்றார் அத்தை. சரி, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் நான்கு தடவை வந்தது. கடைசியாக வந்தது நடுராத்திரியில். தலையணை உறை முழுக்க ரத்தம். வழக்கம்போல் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கின் மேலே, எலும்பு இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கையை எடுத்து, நின்றதா என்று பார்த்தேன். கால் மணி நேரம் கழித்து அவன் எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கருஞ்சிவப்பாக, கட்டி கட்டியாக வந்தது. வயிற்றுக்குள் ஏதோ வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஆட்டோவில் போகும்போது என் கை நடுங்கிய நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

இரவுப் பணியில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். அவர் ஊசியையோ மருந்தையோ தேடவில்லை. மகனைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, தலையை முன்பக்கம் குனிய வைத்தார். மோவாய்க்குக் கீழே ஒரு ஸ்டீல் தட்டு. எலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கிற பாகத்தை, இரண்டு பக்கமும் சேர்த்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்தார். "வாயால மூச்சு விடு கண்ணா. வாய்ல வர்றதை முழுங்காம துப்பு." பிறகு என்னிடம், "போன்ல பத்து நிமிஷம் டைமர் வைங்கம்மா" என்றார்.

மூன்றாவது நிமிடத்திலேயே, "நின்னிருக்குமா டாக்டர், பார்க்கலாமா?" என்று கேட்டேன். "எடுத்துப் பார்த்தா, திரும்ப முதல்லேருந்து பத்து நிமிஷம்" என்றார். டைமர் அடித்த பிறகுதான் விரலை எடுத்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. மூன்று வாரமாக நாங்கள் பட்ட பாடு அப்படி நின்றது.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கம், விரல் எட்டுகிற தூரத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் பல திசையிலிருந்து வந்து ஒன்று சேர்கின்றன. லிட்டில்ஸ் ஏரியா என்பார்கள். பிள்ளைகளுக்கு ரத்தம் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். மேலே எலும்பை எவ்வளவு அழுத்தினாலும் அந்த இடத்தில் அழுத்தம் விழாது. நான் அழுத்தியது முழுக்க வீண். ரத்தம் உறையச் சில நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு தடவை கையை எடுத்துப் பார்க்கும்போதும் உறைந்துகொண்டிருப்பதைக் கலைத்திருக்கிறேன். தலையைப் பின்னால் சாய்த்ததால் ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போயிருக்கிறது. வாந்தியில் வந்தது அதுதான்.

அடிக்கடி வருவதால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அங்கே மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்விகள்தான். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருமா? பால் பல் விழுந்தபோது எவ்வளவு நேரம் ரத்தம் வந்தது? அடிபடாமலே உடம்பில் கன்றிப்போன தழும்பு உண்டா? கடைசியில் என்னிடம், "உங்களுக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு ரொம்ப அதிகமா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தம் உறைவதில் இருக்கும் சில குறைகள் குடும்பத்தில் வழிவழியாக வரும், அதனால்தான் கேட்டேன் என்றார். பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை இரண்டு லட்சத்து எண்பதாயிரம் இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் பயமில்லையாம். டெங்கு என்ற பயம் அன்றோடு போனது.

மூக்கில் விளக்கடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு காய்ந்த பொருக்கு, பக்கத்தில் குண்டூசி முனையளவு சிவப்பு. அவனுக்குத் தூசி ஒவ்வாமை. மூக்கு அரிக்கும், விரலை விடுவான், பொருக்கு பெயர்ந்து ரத்தம் வரும், அது காய்ந்து மறுபடி பொருக்காகி மறுபடி அரிக்கும். கோடைக்காற்று உள்தோலைக் காயவைப்பதும் ஒரு காரணம் என்றார். அத்தை சொன்ன சூட்டைக் காற்றில் கண்டுபிடித்த மாதிரி இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து அதை அத்தையிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி.

வைத்தியம் எளிமையானதுதான். இரண்டு வாரம் காலையும் இரவும் ஆன்டிபயாடிக் களிம்பு, பிறகு தூங்கும் முன் கொஞ்சம் வாசலைன். பட்டாணி அளவு எடுத்து மூக்கு நுனியில் உள்பக்கமாகத் தடவி, வெளியிலிருந்து மெல்ல அமுக்கிவிட்டால் போதும். பஞ்சுக்குச்சியை உள்ளே விடக் கூடாது. பகலில் இரண்டு மூன்று தடவை உப்பு நீர்ச் சொட்டு. நகம் ஒட்ட வெட்ட வேண்டும். ஒவ்வாமைக்குக் கொடுத்த ஸ்பிரேயை நடுச்சுவரைப் பார்த்து அடிக்காமல் காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை என்று மாற்றிப் பிடித்தால் தானாகவே அந்தக் கோணம் வந்துவிடும். இதை மருந்துக் கடையில் யாருமே எனக்குச் சொல்லவில்லை.

ஏழெட்டு மாதம் நன்றாகப் போனது. அடுத்த கோடையில் திரும்ப வந்தபோது, ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கிற சில்வர் நைட்ரேட் என்ற மருந்தை வைத்தார்கள். மரத்துப்போகிற மருந்தில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் மூக்கில் வைத்து, பிறகு நீளமான தீக்குச்சி போன்ற ஒன்றின் நுனியால் அந்தப் புள்ளியைத் தொட்டார்கள். சில விநாடிதான். அந்த இடம் சாம்பல் வெள்ளையாக மாறியது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் வைத்தால் நடுச்சுவரில் ஓட்டை விழலாம் என்பதால் ஒரு பக்கம்தான் வைத்தார்கள். மறுபக்கத்துக்குத் தேவையே வரவில்லை.

போன மாதம் அத்தைக்கு வந்தது. இதய ரத்தக் குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். அவரைக் குனிய வைத்து மூக்கைப் பிடித்ததும் என் மகன்தான், டைமர் வைத்ததும் அவன்தான். "பாட்டி, இன்னும் நாலு நிமிஷம், பேசாதீங்க." பத்து நிமிடத்தில் நிற்கவில்லை. இன்னொரு பத்து நிமிடத்திலும் நிற்கவில்லை. தொண்டைக்குள் இறங்குகிறது என்று சைகை காட்டினார். மூக்கைப் பிடித்தபடியே ஆட்டோவில் ஏற்றினோம். வயதானவர்களுக்கு மூக்கின் பின்பக்கத்திலிருந்தும் ரத்தம் வரலாம், விரல் அழுத்தம் அங்கே போய்ச் சேராது என்றார்கள். மூக்கை அடைத்துவிட்டு இரண்டு நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டதும் டாக்டர் கையை உயர்த்தித் தடுத்தார். ஸ்டென்ட் இருக்கிறவர் அதை நிறுத்தினால் ஆபத்து மூக்கோடு போகாது, இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள் என்றார். அன்று இரவே இதய டாக்டருக்குப் போன் போட்டேன். மாத்திரை தொடர்கிறது. இப்போது பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே வாசலைன் டப்பா.