கை தூக்குது, கப் மட்டும் ஏன் விழுது?

ஸ்ட்ரோக் வந்து சில மாதத்தில் சிலருக்குக் கை நன்றாகவே அசைய ஆரம்பித்துவிடும். தோள் வரை உயரும், விரல் மடங்கி விரியும். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. கோப்பிக்கடையில் மைலோ கப்பைக் கையில் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தால் கப் நழுவிவிடும். பார்த்துக்கொண்டே பிடித்தால் விழாது. பார்வை விலகினால்தான் விழும். இது பெரும்பாலும் பலக்குறைவு இல்லை, தொடு உணர்வு குறைந்ததன் அடையாளம்.

பிடித்த பொருள் லேசாக வழுக்கினாலே, நல்ல விரல்கள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடியை இறுக்கிவிடும். அந்தச் செய்தி மூளைக்குப் போகாவிட்டால் பிடி தளரும், இல்லையென்றால் பயத்தில் பேப்பர் கப்பையே நசுக்கிவிடும். பிசியோவில் 'தூக்குங்க, மடக்குங்க' என்பதோடு நிற்கும்போது இது விட்டுப்போகிறது. மலேசிய அரசு மருத்துவமனையில் இதைக் கேட்க வேண்டிய இடம் சாராகெர்ஜா, அதாவது ஓக்குபேஷனல் தெரபி பிரிவு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலின் இரு பக்கவாட்டிலும் பிடித்து, மெதுவாக மேலேயோ கீழேயோ அசைத்து, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். நகத்தின் மேல் பிடித்தால் அழுத்தமே விடையைச் சொல்லிவிடும். முதலில் நல்ல கையில் செய்து காட்டிவிட்டு, பிறகு பாதித்த கையில் 10 தடவை. இரண்டே விடை உள்ள கேள்வியில் 5 சரி என்றால் அது வெறும் குருட்டாம்போக்கு.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. ஹார்ட்வேர் கடையில் 60, 240 நம்பர் உப்புத்தாள், அதான் கெர்தாஸ் பாசிர், ஒவ்வொரு நம்பரிலும் ஒரு தாள் போதும். நம்பர் குறைந்தால் சொரசொரப்பு அதிகம். கண்ணை மூடிய நிலையில் விரல் நுனியை மெதுவாக ஓட்டி, "அப்பா, எது ரொம்ப சொரசொரப்பு?" என்று கேளுங்கள். அவர் சொன்ன பிறகு சரியா தப்பா என்று உடனே சொல்லுங்கள். அடுத்து கண்ணைத் திறந்து பார்த்தபடி அதே கையால் தடவட்டும், பிறகு நல்ல கையால் தடவி ஒப்பிடட்டும். கடைசியில் மறுபடி கண்ணை மூடி அதே கேள்வி. இந்த வரிசைதான் மருந்து. வெறுமனே பிரஷ்ஷால் தேய்த்துவிடுவதில் பெரிய பலன் இல்லை, மூளை தேடினால்தான் கற்கும். பத்துக்கு 8 சரியாக வந்தால் 100, 180 என்று நெருக்கமான தாள்களுக்குப் போகலாம். விரல் தானாக ஓடவில்லையா, நீங்கள் பிடித்து ஓட்டலாம். தோல் தேயாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கிறதென்று அவருக்கே தெரியாமல் போகலாம்.

அடுத்தது காசு, கண்ணை மூடித் தடவி எது என்று சொல்ல வேண்டும். 5 சென்னும் 50 சென்னும் விட்டத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வேறுபடும், அதில் தொடங்குங்கள். 5 சென், 10 சென் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான், அது கடைசிப் பாடம். பிறகு ஒரு பேசின் அரிசியில் சாவி, கொண்டைக்கடலை, பட்டன் புதைத்துத் தேடச் சொல்லலாம். காசு மேசையில் உரசும் சத்தத்தை வைத்தே சிலர் சொல்லிவிடுவார்கள், துணி விரியுங்கள். கேட்பவரும் தெரியாமல் ஒன்று மாற்றி ஒன்று என்று வரிசையாகவே கொடுப்பார். விடைகளை முன்கூட்டி எழுதிக் குலுக்கி வைத்துக்கொண்டால் ஏமாற்று இருக்காது. ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. சலித்துப்போனால் விடைகள் குழம்பும், நிறுத்திவிடுங்கள்.

அசைவுப் பயிற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. 2009-இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், ஒரு தெரபி நேரத்தில் கைக்குக் கிடைத்த பயனுள்ள அசைவுகள் சராசரி 32தான். மீதி வீட்டில்தான் நடக்க வேண்டும். கை சுத்தமாக அசையாதவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி உண்டு. அதன் மூலக் கருத்து தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரனுடையது. கண்ணாடியை நடுவில் நிறுத்தி, பாதித்த கையைப் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க முயல வேண்டும். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் கழற்றுங்கள், இல்லாவிட்டால் மூளை நம்பாது.

உருட், அதாவது உடம்பை நீவிவிடும் பாரம்பரிய மசாஜ், பற்றியும் சொல்லியாக வேண்டும். தசை தளர்ந்த தோளில் எலும்பு கிண்ணத்திலிருந்து இறங்கித் தொங்கும். அந்தக் கையை இழுத்து நீவுவதும், கட்டிலிலிருந்து எழுப்ப அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் வலியை வரவழைக்கும். தோள் வலித்தால் பயிற்சியே நின்றுபோகும். உட்காரும்போது முழங்கைக்கு அடியில் தலையணை வையுங்கள்.

சமையலறையில் பாதித்த கையைத் தோசைக்கல் பக்கம் விடவே கூடாது. குளிக்கும் சுடுநீரை எப்போதும் நல்ல கையால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்.